ஐந்துக்கு இரண்டு

இடது கை சட்டைக்குள் போய்விட்டது. வலது கைதான் வரமாட்டேன் என்றது. டோரீன் அப்பாவின் முழங்கையை மெதுவாக வளைத்து, நீலச் சீருடைக்குள் நுழைத்தாள். போன வருடம் பொத்தான் போட முடியாமல் வயிற்றில் முட்டிய சட்டை. இப்போது உள்ளே இன்னொரு ஆளை வைக்கலாம்.

"ஸ்வெட்டரே போதும்ப்பா. ஓட்டுப் போடத்தானே போறோம், அணிவகுப்புக்கா?"

"சீருடையிலதான் போவேன். அந்தாளு பாக்கணும்."

அந்தாளு என்றால் கார்வர். ஊர் போலீசின் தலைமை அதிகாரி. எல்லாரும் சீஃப் என்பார்கள், அப்பா வெர்ன் மட்டும் வீட்டில் அப்படிச் சொல்வதில்லை.

ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பென்சில்வேனிய ஊர் அது. எஃகு ஆலை மூடியபின் மிஞ்சிய ஜனத்துக்கு ஏழே போலீஸ்காரர்கள். அவர்களில் மூத்தவர் வெர்ன் கோவலிக். இருபத்திரண்டு வருடச் சேவை. அத்தனை வருடமும் பகுதிநேர ஊழியர். வாரத்துக்கு முப்பத்தொன்பது மணி நேரம் வேலை. நாற்பது ஆகிவிட்டால் முழுநேரம், மருத்துவக் காப்பீடு கொடுக்க வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் முப்பத்தொன்பதாவது மணி முடியும்போது வயர்லெஸ்ஸில் சீஃப்பின் குரல் வரும். "வெர்ன், வீட்டுக்குப் போ." ஒருமுறை பள்ளத்தில் கவிழ்ந்த காரிலிருந்து ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டிருந்தபோதும் வந்தது. இழுத்து முடித்துவிட்டுத்தான் போனார். அந்த அரை மணியை அடுத்த வாரக் கணக்கில் கழித்துக்கொண்டார்கள்.

ஒன்றரை வருடம் இருமினார். காப்பீடு இல்லாதவர் இருமலுக்காக மருத்துவரிடம் போவாரா, நீங்களே சொல்லுங்கள். போனபோது இரண்டு நுரையீரலிலும் புற்று பரவியிருந்தது.

அதற்குப் பிறகுதான் சங்கம் என்ற பேச்சை எடுத்தார். தனக்கு இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தபிறகு. மற்ற ஆறு பேரையும் வீட்டுக்கு அழைத்தார். டோரீன் முட்டைக்கோசும் நூடுல்ஸும் வெண்ணெயில் புரட்டிப் போட்டாள். சாப்பிட்டு முடித்து, அதே மேசையில் ஆறு பேரும் சங்க அட்டையில் கையெழுத்துப் போட்டார்கள். இன்று ஏழு பேரும் ரகசிய ஓட்டுப் போடுகிறார்கள்; சங்கம் ஜெயித்தால் காப்பீடு கேட்டுப் பேசலாம்.

"ஆறு அட்டை என் கையில இருக்கு" என்றார் வெர்ன், காரில் சாய்ந்தபடி. ஆக்ஸிஜன் சிலிண்டர் மடியில் குழந்தைபோல இருந்தது. "நாலு ஓட்டு போதும். நமக்கு ஏழு விழும்."

அவரை நகர்த்தக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். டோரீன் வண்டியை எடுத்தாள். நகராமல் கிடந்தால் மட்டும் எத்தனை நாள்?

"அந்த ட்ரூடி ஒருத்திதான் சந்தேகம்ப்பா."

"ட்ரூடியா? அவதானே மொதல்ல கையெழுத்துப் போட்டா!"

நகரமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு மடக்கு மேசை, ஒரு அட்டைப்பெட்டி, மூலையில் ஒரு திரை. மாநிலத் தொழிலாளர் வாரியத்திலிருந்து வந்திருந்த அம்மாள் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படி இறங்கிய வெர்னைப் பார்த்ததும் ஆறு பேரில் ஒருவனான லோனி விசிலடித்தான்.

"பெருசு! நீ செத்துட்டேன்னுல்ல சொன்னாங்க!"

"உன் ஓட்ட எண்ணாம சாவமாட்டேன்டா."

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவன், கர்ட், ஓடிவந்து ஒரு பக்கம் தாங்கிக்கொண்டான். திரைக்குப் பின்னால் வெர்ன் வெகுநேரம் நின்றார். வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, வாசலில் நின்ற சீஃப்பைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். சீஃப்பும் தொட்டார்.

எண்ணும்போது அவரால் உட்கார முடியவில்லை. டோரீன் அவரைக் காரில் ஹீட்டர் போட்டு உட்காரவைத்துவிட்டுத் திரும்பிவந்து சுவரோரம் நின்றாள்.

முதல் சீட்டு, "வேண்டும்." பெருக்கல் குறி கோணலாக, கட்டத்தைத் தாண்டி ஓடியிருந்தது. அப்பாவின் கை என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. அடுத்தது, "வேண்டாம்." அதற்கடுத்ததும் வேண்டாம். பிறகு ஒரு வேண்டும். பிறகு வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

வாரியத்து அம்மாள் இரண்டாவது முறை எண்ணினாள். அறையில் ஒருவரும் டோரீனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்கள், கைபேசியைப் பார்த்தார்கள். "மேல காபி போட்டு வச்சிருக்கு, வாங்க" என்று சொல்லிவிட்டு சீஃப் முதலில் படியேறினார்.

காருக்குள் கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்திருந்தது.

"என்னாச்சு?"

"அஞ்சுக்கு ரெண்டு."

"நமக்கா?"

அவள் சீட் பெல்ட்டை இழுத்தாள். அது மாட்டிக்கொண்டது. இன்னொரு முறை இழுத்தாள்.

"ஆமாப்பா. நமக்குத்தான்."

வெர்ன் கண்ணை மூடிக்கொண்டார். ஆற்றுப்பாலம் தாண்டியதும் திறந்தார்.

"அந்த ரெண்டு பேரு யாருன்னு தேடாத, டோரி. பயந்திருப்பாங்க, பாவம். அவங்களுக்கும் சேத்துத்தானே கெடைக்கப்போகுது."

இரண்டு நாள் அவள் அவருடைய கைபேசியை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் உளறிவிடக் கூடாதே என்று வாசலிலேயே காதை வைத்திருந்தாள். அந்தக் கவலையே வேண்டியிருக்கவில்லை. ஒருவரும் வரவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, அவள் ஓட்ஸ் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது, இருமல் நின்றுபோயிருப்பதைக் கவனித்தாள்.

சவ அடக்க நிலையத்துக்கு ஆறு பேரும் வந்தார்கள். கண்ணாடிபோல மின்னும் பூட்ஸ். சீஃப் பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தார்.

கர்ட்தான் முதலில் அவள் கையைப் பிடித்தான். அவன் தோளில் புதிதாக சார்ஜென்ட் பட்டை ஏறியிருந்தது.

"டோரீன், இத உங்கிட்ட சொல்லாம என்னால இருக்க முடியல. அந்த ரெண்டாவது ஓட்டு... நான்தான் போட்டேன்."

அவன் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். ஒருத்தனாவது இருந்தானே!

பத்து நிமிடம் கழித்து, காபிப் பாத்திரத்தருகே லோனி. "யாருக்கும் தெரிய வேணாம். பெருசுக்கு நான் துரோகம் பண்ணல. அந்த இன்னொரு ஓட்டு என்னோடது."

அவள் கையிலிருந்த காபியை மேசையில் வைத்தாள்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு எழுந்த டென்னிஸ் கண்ணீரோடு அதையே சொன்னான். நாலாவது ஆள் வாயைத் திறப்பதற்குள் "தெரியும், ரொம்ப நன்றி" என்றாள். அவன் திகைத்துப்போய், "எப்பிடித் தெரியும்?" என்றான். ஐந்தாமவன் கோட்டு மாட்டும் இடத்தில் காத்திருந்தான். அவனையும் கேட்டுக்கொண்டாள். வந்தவர்கள் எல்லாருக்கும் பிஸ்கட் தட்டை நீட்டினாள்.

ட்ரூடி உள்ளே வரவே இல்லை. பின்வாசலில் சிகரெட்டோடு நின்றாள். டோரீன் கதவைத் திறந்தாள்.

"நீயும் சொல்லிடு. சீக்கிரம் சொல்லு, உள்ள ஆளுங்க நிக்கிறாங்க."

"என்னத்த?"

"ரெண்டாவது ஓட்டு நான்தான்னு."

ட்ரூடி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "நான் வேண்டாம்னு போட்டேன்."

டோரீன் கதவை விட்டுவிட்டாள். அது தானாகச் சாத்திக்கொண்டது.

"சீஃப் பகல் ஷிப்ட் தரேன்னார். எங்கம்மா ராத்திரியில எழுந்து தெருவுல நடக்குறா. போன மாசம் தண்டவாளத்துல போய் நின்னா."

"குடுத்தாரா?"

"அடுத்த மாசம் பாப்போம்ங்கிறார்." சிகரெட்டைச் சுவரில் நசுக்கினாள். "பெருசுக்கு... தெரியுமா?"

"ஜெயிச்சிட்டோம்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டார்."

எதிரே, நிலையத்து ஆள் கருப்பு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"பெட்டி தூக்க வேற ஆளப் பாத்துக்க."

"வேற யார் இருக்கா? நீ தலைமாட்டுல நில்லு."

கல்லறைத் தோட்டம் சரிவான இடம். ஆறு பேரும் வெள்ளைக் கையுறை போட்டு, ஈரப் புல்லில் கால் வழுக்காமல் தூக்கிப்போனார்கள். தலைமாட்டு மூலையில் ட்ரூடி. பாதிரியார் முடித்தபின், அங்கே வழக்கம் இருக்கிறபடி, தூக்கியவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து கையுறைகளைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைக்க வேண்டும். கர்ட் வைத்தான். மற்ற நால்வரும் வைத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு கணம் தலைகுனிந்து நின்று விலகினார்கள்.

ட்ரூடி கழற்றினாள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து மடித்தாள். இருந்த இடத்திலேயே நின்றாள். பிறகு அவற்றைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நிலையத்து ஆள் டோரீனின் காதருகே குனிந்தார். "ஒரு ஜோடி குறையுதும்மா. கேக்கட்டுமா?"

"வேணாம்" என்றாள். "எறக்குங்க."

பெட்டி இறங்கியது. மேலே ஐந்து ஜோடிக் கையுறைகள், வெள்ளை வெளேரென்று, ஒன்றுக்கொன்று ஒரு வித்தியாசமும் இல்லாமல்.