ரெண்டு பொறக்குது

தண்டையார்பேட்டையில் மொஹ்சின் பாயின் பேக்கரியில், கேக்கின் மேல் எழுதும் மேசைக்கு ராமசெல்வி அன்றுதான் வந்திருந்தாள். அதுவரை அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தவள். அந்த மேசையில் முன்பு இருந்தவர் 3 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஆர்.டி.க்குப் பதில் டி.ஹெச். போட்டுவிட, அந்தக் கேக்கின் படம் வாட்ஸ்அப்பில் தெருத்தெருவாகச் சுற்றியது. பாய்க்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

“தோ பாரு செல்வி, இன்னிக்கு ஒரு கேக்கு திரும்பி வந்துச்சு, நாளைக்கு நீ பொட்டி மடிக்கவே போயிடணும்.”

ராமசெல்விக்கு அந்த க்ரீம் கோனைக் கையிலிருந்து விடவே மனமில்லை. அதற்காக ஒரு வாரமாகப் படித்திருந்தாள். சொல்லிக்கொடுத்தது பக்கத்தில் க்ரீம் ரோஜா பிழியும் உமைமா.

“மொதோ மூணும் ரவுடிங்க. ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட். ஆளுக்கொரு வாலு வெச்சிகினு திரியும். நாலுலேர்ந்து எல்லாம் ஒயுங்கா டி.ஹெச். போட்டுகினு லைன்ல நிக்கும்.”

“பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு?”

“அதுங்க உள்ள போய்ட்டு வந்து திருந்துனதுங்க. டி.ஹெச். தான்.”

“இருபத்தொண்ணு?”

“மறுபடியும் பேஜாரு. ட்வென்டி ஃபர்ஸ்ட்!”

யோசித்துப் பார்த்தால் அழகான ஏற்பாடுதான். தமிழில் ‘ஆவது’ என்ற ஒரே வால் எல்லா எண்ணுக்கும் ஒட்டிவிடும். ‘முதல்’ மட்டும் தனி ஆள். அதுவும் பத்தைத் தாண்டினால் பதினொன்றாவது, இருபத்தொன்றாவது என்று அடங்கிவிடும். ஆங்கிலத்திலோ ஃபர்ஸ்ட் இருபதிலும் முப்பதிலும் நாற்பதிலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். எழுத்துகளில் இன்னும் வேடிக்கை. எட்டின் கடைசியில் ஏற்கெனவே ஒரு டி இருப்பதால் ஹெச் மட்டும் வந்து சேரும். ஒன்பது தன் ஈயை உதிர்த்துவிடும். ஐந்திலும் பன்னிரண்டிலும் வி போய் எஃப் வந்து உட்காரும். இதையெல்லாம் ராமசெல்வி கிழிந்த அட்டைகளில் எழுதி எழுதிப் பழகியிருந்தாள்.

காலையில் ஃபோனை எடுத்தவளும் அவள்தான். காட்டுப்பள்ளியில் கப்பல் வேலை பார்க்கும் ஜெயவேல் பேசினார்.

“கொயந்தைக்கு இன்னிக்கு ரெண்டு பொறக்குதும்மா. பேரு மதி. நம்பர் போடாத, இங்கிலீஷ்ல முய்சா எய்து. சாயங்காலம் என் வூட்டுக்காரம்மா வந்து வாங்கிக்கும்.”

வெள்ளை க்ரீமின் மேல் சிவப்பில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். ஹேப்பி. செகண்ட். பர்த்டே. கீழே மதி. பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார்.

“சோக்கா கீது” என்றார்.

சாயங்காலம் ஜெயவேலின் மனைவி செங்கொடி விம்கோ நகரிலிருந்து மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தை அவள் துப்பட்டா நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

“ஒண்ணு நம்பர் மெயுகுவத்தி ஒண்ணு குடுக்கா.”

உமைமா திரும்பினாள். “ஒண்ணா? ரெண்டுன்னு இல்ல சொன்னாரு உங்க வூட்டுக்காரரு?”

“ஆமா, ஒண்ணு முடிஞ்சி ரெண்டு பொறக்குது.”

ராமசெல்விக்கு அப்போதுதான் புரிந்தது. நாம் புதிதாகத் தொடங்குகிற வருடத்தைப் ‘பொறக்குது’ என்று சொல்கிறோம். ஆங்கிலத்தில் பிறந்தநாளுக்கு முடிந்த வருடத்தை எண்ணுகிறார்கள். ஃபர்ஸ்ட் பர்த்டே அன்றுதான் இரண்டாவது வருடம் தொடங்குகிறது. ஜெயவேல் சொன்னதும் சரி, அவள் எழுதிய எழுத்தும் சரி. நடுவில் ஒரு வருடம் நழுவிவிட்டது.

பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். ராமசெல்வி கேக்கைச் செங்கொடி பக்கம் திருப்பினாள்.

“தப்பு என்னுதுதான்க்கா. எத்தினி முடியுதுன்னு கேட்டிருக்கணும். செகண்ட்னு எய்திட்டேன். பத்து நிமிஷம் குடு, சொரண்டிட்டு ஃபர்ஸ்ட்னு போட்டுத் தரேன்.”

கத்தியை எடுத்தாள். செங்கொடி அவள் கையைப் பிடித்தாள்.

“இரு, இரு. இது செகண்டா?”

“ஆமா.”

“அத்த சொரண்டாத.” குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். “இவ மாசம் ஆவாத பொறந்தவ. கண்ணாடிப் பொட்டில வெச்சிருந்தாங்க. பாக்கப் போறப்பல்லாம் நர்ஸம்மாகிட்ட இவ ரெண்டாவது வருசத்த பாப்பாளான்னு கேட்டுகினே இருப்பேன். அந்தம்மா, நீயே பாரேன், ஓடுவா பாருன்னும். டாக்டரு, நர்ஸுன்னு அத்தினி பேரு கையி பட்டு வந்திச்சு இந்த செகண்டு. அத்தப் போயி சொரண்டுவியா?”

மதி கையை நீட்டி ஓரத்து ரோஜாவில் ஒன்றைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டது.

“அடி கள்ளி! நான் பியிஞ்ச பூவு!” என்றாள் உமைமா.

ராமசெல்வி மூன்றாவது வரியை மட்டும் வழித்தெடுத்து, வெள்ளை பூசி, பர்த்டே இருந்த இடத்தில் இயர் என்று எழுதினாள். ஹேப்பி செகண்ட் இயர், மதி. ஆங்கிலத்திலும் சரி, ஜெயவேல் கணக்கிலும் சரி. பிடுங்கிய பூவுக்குப் பதில் உமைமா கொஞ்சம் பெரிதாகவே ஒன்று வைத்தாள்.

செங்கொடி பெட்டியை வாங்கிக்கொண்டாள். “ரொம்ப தேங்க்ஸ்க்கா” என்றாள்.

“எனுக்கு இன்னாத்துக்கு? நான்தான் உனுக்கு சொல்லணும்” என்றாள் ராமசெல்வி.

செங்கொடி படியிறங்கிப் போனதும் பாய் கல்லாவுக்குத் திரும்பினார். ராமசெல்வி கோனைத் துடைத்து மேசையின் ஓரத்தில் வைத்தாள். பெட்டி அட்டைகள் அடுக்கியிருந்த மூலையைப் பார்த்தாள். அப்போது ஃபோன் அடித்தது. பாயே எடுத்தார்.

“கல்யாண நாளா? பன்னெண்டா?” ஒரு கணம் நிறுத்தினார். “முடியுதா, பொறக்குதா?”

உமைமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாய் ஃபோனைத் தாழ்த்தினார்.

“முடியுதாம் செல்வி. அங்க இன்னா பாத்துகினு கீற? கோனை எடு.”

அவள் எடுத்தாள். பன்னிரண்டில் வி போய் எஃப் வரும்.