இரண்டு காளியாயிகள்

பதிவு கிளாக்கர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்கு வந்தவர்கள் மூன்று பேர். மூவருமே தோற்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆள் எடுக்கும் பெரிய கிளாக்கருக்கு இப்படியும் ஒரு வேண்டுதலா என்று கேட்பீர்கள். காரணம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

அவள் பெயர் காளியாயி. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்ட குடும்பம். போன வாரம் அவளுக்கு மட்டும் இந்தியாவுக்குக் கிளம்பச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. புருஷனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வரவில்லை. ஆள்பதிவுப் புத்தகத்தைப் புரட்டியதும் காரணம் தெரிந்தது. தவறு என்னுடையது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தால், அப்பன் பக்கத்தில் இருக்கும் அவள் வரியை வெட்டிவிட்டு, அதிலுள்ள விவரங்களைப் புருஷன் பக்கத்தில் எழுத வேண்டும். எழுபத்தொன்றில் இவளுக்குக் கல்யாணம். தோட்டத்திலோ வீரன் மகள் காளியாயி என்று இரண்டு பேர். நான், விதவையாகி அப்பன் பக்கத்துக்கே திரும்பியிருந்த ஐந்தாம் லயத்து வரிசை வீட்டுக் காளியாயியின் வரியை வெட்டி, அவளுடைய பிறந்த வருஷத்தையும் இந்தியா போக அவள் போட்ட மனுவின் நம்பரையும் இவள் தலையில் எழுதியிருக்கிறேன். அந்தக் காலத்தில் இதே பதிவு வேலைக்கு மனுப் போட்டபோது நாலு வருஷ அனுபவம் என்று எழுதியவன் நான். உண்மையில் நாலு மாதம்.

விஷயம் தெரியாத தோட்டத்துத் துரை, இந்தக் கடிதத்தையே பரீட்சையாக வைக்கச் சொன்னார். புத்தகத்தைப் பார்த்து, கடிதம் சரியா பிழையா என்று சொல்ல வேண்டுமாம். பிழை என்றால் என் வேலையும் வீடும் போகும். சரி என்றால் காளியாயி பிள்ளைகளை விட்டுவிட்டுக் கப்பலேற வேண்டும்.

கொத்மலையிலிருந்து வந்தவருக்குப் பக்கமே அகப்படவில்லை. புத்தகம் கங்காணி வாரியாக இருப்பது தெரியாமல் அகர வரிசையில் தேடி வியர்த்துப் போனார். கினிகத்தேனை முத்துலிங்கம் ஆறு சான்றிதழ்களோடு வந்திருந்தார். பத்தாயிரம் பேரின் பதிவைத் தனியாளாகப் பார்த்தவர் என்றது மனு. கடிதத்திலிருந்த நம்பரையும் புத்தகத்திலிருந்த நம்பரையும் ஒத்துப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. இதற்கா மூச்சு வருகிறது என்று வெட்கமாகவும் இருந்தது. துரைக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மூன்றாவது ஜோசப்பின். அரைப் பக்க மனு. கோயிலில் ஞானஸ்நானப் புத்தகம் எழுதிய பழக்கம் மட்டும் உண்டு என்றிருந்தது. அவள் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, கடிதத்துக்குரிய ஆளைப் பார்க்கலாமா என்று கேட்டாள். புத்தகத்தைப் பார்க்கச் சொன்னால் ஆளைப் பார்க்க வேண்டும் என்கிறாளே என்று எரிச்சல் வந்தது. துரை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

வந்தவளிடம் ஜோசப்பின் வயதைக் கேட்டாள். இருபத்தெட்டு இருக்கும் என்றாள் காளியாயி.

"இதுல நாப்பத்தேழு வருது சேர்," என்ற ஜோசப்பின், பக்கங்களைப் பின்னால் தள்ளி, வெட்டிய வரியைக் கண்டுபிடித்து விரல் வைத்தாள். "வேற ஆளோட வரிய வெட்டியிருக்காங்க."

யாருடைய எழுத்து என்று துரை கேட்டார். பரீட்சைக்கு வரச் சொல்லி நான் கைப்பட எழுதிய கடிதம் ஜோசப்பின் மடியில் விரிந்து கிடந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

என் எழுத்துதான் என்றேன். துரை பேனாவைக் கீழே வைத்தார். கடிதத்தை ரத்துச் செய்ய அன்றே எழுதுவதாகவும், என்னைப் பற்றிப் பிறகு பேசுவதாகவும் சொன்னார். காளியாயி தரையில் உட்கார்ந்து அழுதாள். எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தபோது ஜோசப்பின் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப மத்த காளியாயி எங்கங்க?"

எனக்குத் தெரியும். போன வாரம் வந்தது அவளுக்கு வர வேண்டிய கடிதம். அவள் மகன் குடும்பம் எழுபத்துநாலிலேயே இந்தியாவுக்குப் போக நானுஓயாவில் ரயிலேறிவிட்டது. அம்மாவின் கடிதம் பின்னாலேயே வரும் என்று நம்பிப் போனார்கள். அதிலிருந்து நாலு வருஷம், ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அவள் ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்பாள். நான் தலை நிமிராமலே, வரவில்லை போ என்பேன்.

சாயங்காலம் ஐந்தாம் லயத்துக்குப் போனேன். காளியாயி விறகு பிளந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தியை ஓரமாக வைத்தாள்.

"மாசம் தவறாம வந்தேனே ஐயா," என்றாள். "ஒரு நாளாச்சும் அந்தப் பொஸ்தகத்தத் தொறந்து பாத்தீங்களா?"