ஏழு சதவீத மேடு

தெருவின் சாய்வு ஏழு சதவீதம்தான் என்று சாலை அலுவலகம் மனுவுக்குப் பதில் எழுதித் தரும் ஒவ்வொரு முறையும் மேட்டுத் தெரு ஒரு சதவீதம் உயர்ந்தது. முதல் கடிதத்தை இன்ஜினீயர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே எழுதினார். அப்போதே சாய்வு ஒன்பது. ஐந்தாவது கடிதத்தில் பஸ் நின்றது. எட்டாவதில் தண்ணீர் லாரி பாதி வழியில் பின்வாங்கியது. பத்தாவதில் மேலே இருந்த வீடுகளும் தெருவோடு சாய்ந்துவிட்டதால், எத்தனை முறை சாத்தினாலும் ஃபிரிட்ஜ் கதவுகள் வாயைப் பிளந்துகொண்டன. ஃபிரிட்ஜ்களைக் கயிறு கட்டி இறக்கி, கீழே இருந்த சொந்தக்காரர்கள் வீட்டில் விட்டார்கள். இத்தனைக்கும் அலுவலகம் அதே தெருவின் அடிவாரத்தில்தான் இருந்தது, ஜன்னலைத் திறந்தால் மேடு முழுக்கத் தெரியும். அந்த ஜன்னலை யாரும் திறக்கவில்லை.

மனு போட்டது பெரும்பாலும் ஒரே ஆள், அடிவாரத்து மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். தெருவின் உச்சியில், கடைசி வீட்டில், அவளுடைய அக்கா படுக்கையில் இருந்தாள். அவளுக்குத் தினமும் ஒரு ஊசி போட வேண்டும். ஃபிரிட்ஜை விட்டு எடுத்தால், ஐஸ் பெட்டியில் வைத்தாலும், அந்த மருந்து நாற்பது நிமிஷம்தான் தாங்கும். நீ மனு போடப் போடத்தான் தெரு ஏறுது, வாயை மூடிக்கிட்டு சும்மா இரு என்று தெருக்காரர்கள் அவளிடம் சண்டைக்கு வந்தார்கள். பொய் எழுதுகிறவனை விட்டுவிட்டுக் கேட்கிறவளை ஏசுகிறார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மாலையே இன்னொரு மனு போட்டாள். அக்காவைக் கீழே கூட்டிவந்துவிடலாம் என்றாலும் அவள் அசையவில்லை. "நான் எதுக்குடி இறங்கணும்? ஏறினது தெரு. அதுவே இறங்கட்டும்" என்றாள். கோபம் அந்தக் குடும்பத்துக்கே உரியது.

மருந்துக்கடைக்காரியிடம் கல்யாணத்துக்கு முன் பந்தயம் ஓட்டிய சைக்கிள் இருந்தது. முன்னால் பல்சக்கரத்தில் ஐம்பது பல், பின்னால் மிகப் பெரியதே இருபத்தைந்து பல். சமதரையில் பறப்பதற்கான கணக்கு அது, மேட்டில் முழங்காலைத் தின்றுவிடும். சைக்கிள் கடைக்காரர் முன்னால் முப்பத்துநாலு பல்லில் சின்னச் சக்கரம் ஒன்றைச் சேர்த்து, பின்னாலும் முப்பத்துநாலு பல் வரை போகும் பல்சக்கர அடுக்கைப் போட்டுக் கொடுத்தார். கால் ஒரு சுற்று சுற்றினால் டயரும் ஒரு சுற்று. ஐஸ் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு அவள் முப்பத்தைந்து நிமிஷத்தில் ஏறினாள். ஒரு வருஷம் இப்படிப் போனது. பதினான்காவது கடிதம் வந்த மறுநாள், பாதி மேட்டில், பழைய பழக்கத்தில் முன்னால் பெரிய சக்கரத்தில் இருந்தபடியே பின்னால் கடைசிப் பல்சக்கரத்துக்கு மாற்றினாள். செயின் எட்டவில்லை. முறுக்கிக்கொண்டு, கியர் மாற்றும் இரும்புக் கையையே சைக்கிளிலிருந்து பிய்த்து எறிந்தது. மீதி வழியைக் கையும் காலும் ஊன்றி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது எழுபது நிமிஷம் ஆகியிருந்தது. ஊசி கெட்டுப்போய்விட்டது. அக்காவுக்கு மூன்று நாள் கைகால் விறைத்துக் கிடந்தது, நாக்கும் புரளவில்லை.

நாலாம் நாள் அவள் சைக்கிளைக் கொண்டுவந்து சைக்கிள் கடை வாசலில் போட்டாள். "பல்சக்கரத்தைப் பெருசாக்கினீங்க. செயினை ஏன் நீளமாக்கல?"

கடைக்காரர் சுவரில் ஒட்டியிருந்த அலுவலகக் கடிதத்தைக் காட்டினார். "ஏழு சதவீதம்னு போட்டிருக்கேம்மா. அதுக்குக் கடைசி சக்கரம் வரைக்கும் போக மாட்டீங்கன்னு நினைச்சு பழைய செயினையே விட்டுட்டேன்."

"காகிதத்தைப் படிச்சீங்கண்ணே. வாசல்ல நின்னு ஒரு தடவை தெருவைப் பாத்தீங்களா?"

அவர் கடிதத்தைக் கிழித்துக் கை துடைத்துக்கொண்டார். பிறகு, பஸ் வராத நிறுத்தத்தில் சும்மா நின்றிருந்த இரும்புப் பலகையைக் கழற்றி வந்து, விடிய விடிய அரம் போட்டு, பின்சக்கரத்துக்கு அறுபது பல் வெட்டினார். முன்னால் இருபது பல். இரண்டு செயினை ஒன்றாகக் கோத்தார், இந்த முறை மூன்று தடவை அளந்து. மூன்று சுற்று மிதித்தால் டயர் ஒரு சுற்று சுற்றும். "இவ்வளவு மெதுவாப் போனா சைக்கிள் நிக்காதும்மா, விழுந்துடும்" என்றார்.

"விழ மாட்டேன். நான் கோபத்துல இருக்கேன்."

அப்படியே நடந்தது. மருந்துக்கடை முன்னால் அவள் மிதிக்கத் தொடங்கினாள், சைக்கிள் விழவில்லை, நகரவும் இல்லை. தெருதான் நகர்ந்தது. கிணற்றுக் கயிறு போல மேடு அவள் டயருக்கடியில் இறங்கி வந்தது. தையல்காரர் வீடு, பூட்டிய பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாக அவளைக் கடந்து கீழே போயின. ஜனங்கள் வாசலில் நின்று, விழாமல் இருக்க நிலையைப் பிடித்துக்கொண்டார்கள். இருபதாவது நிமிஷத்தில் அக்கா வீட்டு ஜன்னல் பக்கத்தில் வந்து நின்றது. ஊசி போட்டுவிட்டு வந்து மறுபடி சைக்கிளில் ஏறினாள். கூடவே வந்திருந்த கடைக்காரர் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஏழு சதவீதம் ஆயிடுச்சும்மா, போதும் என்றார்.

"ஏழுல நிறுத்தினா அந்த ஆளு எழுதினது உண்மையாயிடும்ணே" என்று சொல்லிவிட்டு மிதித்தாள். ரசமட்டத்தில் குமிழி நடுவில் வந்து நின்ற பிறகுதான் காலை ஊன்றினாள். இங்கே இறங்கிய மண் எங்காவது போக வேண்டுமே, மருந்துக்கடையைத் தாண்டித் தெருவின் கீழ்முனையில் இருந்த சாலை அலுவலகம் அத்தனை உயரத்துக்கு எழும்பியிருந்தது.

ஆறு மாதம் கழித்து இன்ஜினீயர் புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். முழங்காலைப் பிடித்தபடி, பின்னால் பெரிய பல்சக்கரம் வேண்டும் என்றார். அலுவலகத்து ஊழியர்கள் போடும் மனுக்களுக்கும் அவர்தான் ஏழு சதவீதம் என்று பதில் எழுதுகிறார், வேறு எதுவும் எழுத அவருக்குத் தெரியாது. செயினுக்கு எண்ணெய் விட வந்திருந்த மருந்துக்கடைக்காரியைக் கடைக்காரர் பார்த்தார். அவள் நிமிரவில்லை. "உங்க தெரு ஏழு சதவீதம்தானே சார்" என்றாள். கடைக்காரர் இருபத்தைந்து பல் அடுக்கை மாட்டி, செயினை அதற்குச் சரியாக வெட்டிக் கொடுத்தார். அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, அக்கா விறைத்துக் கிடந்த அந்த மூன்று நாளுக்கு யாரும் பதில் எழுதவில்லை. அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் திரும்ப வந்துவிட்டது. கதவைச் சாத்தினால் சாத்தியபடி இருக்கிறது.