மாதுளைத்தோல் பூசிய பை

வெடித்துப்போன மாதுளையை எந்தத் தோட்டக்காரனும் சீந்துவதில்லை. வரப்போரம் குவித்து அழுக விட்டுவிடுவான். அந்தக் குப்பைக்கும் ஒரு காலம் வந்தது. தோலைக் காயவைத்து அரைத்துச் சாறு இறக்கி, ரொட்டிப் பையின் உள்பக்கம் நிறம் தெரியாமல் பூசினால் பூஞ்சணம் கிட்டே வருகிறதா, இல்லையா? ரொட்டி ஆலையின் சோதனை அறையில் அதைப் பார்ப்பதுதான் அவள் வேலை.

மனசு என்னவோ மகனிடம் கிடந்தது. இவளோடு சண்டை போட்டுக்கொண்டு கடல் தாண்டிப் போனவன். ஒன்றரை வருஷமாகப் போனில் அளந்து அளந்து பேசுகிறான். வா என்று இவள் கூப்பிடவில்லை, வருகிறேன் என்று அவனும் சொல்லவில்லை. வீம்பில் மட்டும் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் குறைச்சலே கிடையாது. கூப்பிட வாய் வராதவள் அவனுக்குப் பிடித்த ரொட்டியைச் சுட்டாள். பார்சல் போய்ச் சேர இருபத்தைந்து நாள். கெடாமல் சேர்ந்துவிட்டால் மிச்சத்தை ரொட்டியே பேசிக்கொள்ளும் என்று நம்பினாள், பைத்தியக்காரி.

அந்த அறையில் பைகளின் மேல் வெறும் எண்தான் இருக்கும். எது பூசிய பை என்று தெரிந்தால் கண் ஓரவஞ்சனை செய்யுமாம். அதனால் விவரமெல்லாம் நோட்டில். எண்கள் வாரா வாரம் மாறும். அவள் இரண்டு பைகளில் ரொட்டியைப் போட்டாள். நோட்டைப் பார்த்து, பூசியது என்றிருந்த பையை அனுப்பிவிட்டு, வெறும் பை என்றிருந்ததை அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

இருபத்தைந்தாம் நாள் அலமாரிப் பையைப் பிரித்தால், ரொட்டி நேற்றுச் சுட்டது போல மெத்தென்று இருந்தது. நோட்டைப் புரட்டினாள். பார்சல் கட்டிய அன்று அவள் பார்த்தது அதற்கு முந்தின வாரத்துப் பக்கம். மேலாளர் ரொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, சாதித்துவிட்டோம் என்று தலைகால் புரியாமல் ஆடினார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெளியே வந்து மகனுக்குப் போன் போட்டாள். “பார்சல் வந்துச்சா? பிரிக்காதே, தூக்கிப் போட்டுடு. பையை மாத்தி அனுப்பிட்டேன்.”

“நேத்தே வந்துச்சும்மா. வெளியிலிருந்தே பச்சை பச்சையாத் தெரியுது.”

“அப்புறம் ஏண்டா வச்சிருக்கே?”



“குப்பைத்தொட்டி வரைக்கும் ரெண்டு தடவை எடுத்துட்டுப் போனேன். மனசு வரலம்மா.”

வேறொன்று அனுப்புகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். “வாடா,” என்றாள். “வந்துடுடா, உன்னைப் பார்க்காம என்னால முடியலடா.”