அடுப்பு எதில் எரியும்?

தங்கையிடமிருந்து வந்த செய்தி சின்னதுதான். ‘சனிக்கிழமை மலை ஏறப் போறேன், நீயும் வா. கூடாரம், அடுப்பு எல்லாம் நான் எடுத்துக்கறேன். அடுப்புக்கு ஊத்தறது மட்டும் நீ கொண்டு வா.’

படிக்க ஆரம்பித்தபோது அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள். அடுப்புக்கு எதை ஊற்றுவதாம்? சொன்னாளா, மகராசி!

கேட்டிருக்கலாம். கேட்டால் வாயா தேய்ந்துவிடும்? ஆனால் அங்கேதான் இடித்தது. போன வருஷம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா மருந்துச் சீட்டை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டாள். நர்ஸுகள் முன்னால் தங்கை வெடித்தாள்: “உங்கிட்ட ஒரு வேலை குடுத்தா அது ரெண்டு வேலையாயிடும். நீ எதையும் தொடாம இருந்தாலே போதும்.” அப்பா பிழைத்து எழுந்து நடமாடுகிறார். அக்கா தங்கை பேச்சுதான் பிழைக்கவில்லை. அதற்கப்புறம் தங்கை நம்பிக் கொடுத்திருக்கும் முதல் வேலை இது. இதற்கும் போய் ‘எது வாங்கணும்’ என்று நின்றால், ‘ஆரம்பிச்சுட்டாய்யா’ என்பாள். வேண்டவே வேண்டாம்.

பெயின்ட் கடைக்காரரிடம் போனாள்.

“ஸ்பிரிட்டு வாங்கிக்கங்கம்மா. புகை இல்ல, கரி இல்ல” என்றார் அவர். “ஆனா சூடு கம்மி. அப்பறம், பகல்ல தீ எரியறதே கண்ணுக்குத் தெரியாது, கைய வச்சிடாதீங்க.”

தெரியாத தீயா! ஆத்தாடி. இருந்தாலும் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டாள்.

எதிர்வீட்டு மெக்கானிக் ஸ்பிரிட் என்றதும் சிரித்தே விட்டார். “மலை மேல அதுல தண்ணி கொதிக்கறதுக்குள்ள நீங்க எறங்கியே வந்துடலாம். பெட்ரோல்தான் சரி. குப்புனு புடிக்கும்.”

“குப்புன்னா?”

“கொஞ்சம் தள்ளி நின்னுக்கணும்.”

எவ்வளவு தள்ளி என்று அவர் சொல்லவில்லை. ஒரு குப்பியில் ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் மலையேறி ஒருத்தர் இருந்தார். “அய்யோ, மண்ணெண்ணெய்தாங்க பாதுகாப்பு. ஆனா மொதல்ல அடுப்ப சூடு பண்ணணும், அப்பறம் பம்ப் அடிக்கணும். அது சரி, உங்க அடுப்பு எந்த வகை?” என்றார்.

உலகத்தில் எல்லோரும் கடைசியில் அந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். அக்கா பதில் சொல்லாமல் மண்ணெண்ணெயும் வாங்கிவிட்டாள். மூன்றையும் கொண்டுபோனால் ஏதோ ஒன்றில் எரியத்தானே வேண்டும்? அந்த யோசனை வந்ததும் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தாள். பால்கனியில் மூன்று பாட்டில்களும் காலியாக, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரே ஒரு கேன். அதன் அருகே பெருமையோடு அவள் வீட்டுக்காரர். அவருக்குக் கிடங்கில் பேக்கிங் மேற்பார்வை வேலை. பாதி நிறைந்த எதைப் பார்த்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

“பையில எடம் அடைக்குமேன்னு ஒண்ணா ஊத்திட்டேன். கரெக்டா ஒரு கேன்!”

“ஒண்ணாவா? மூணையுமா?”

“எல்லாம் எரியறதுதானே?”

அக்கா கேனின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். ஒரு வேலை மூன்று வேலையாகி, மூன்றும் கலந்து ஒன்றுக்கும் உதவாத வேலையாகிவிட்டது. தங்கை சொன்னது சரிதான் போலிருக்கிறது. காலையில் பஸ். பெயின்ட் கடை இன்னும் கொஞ்ச நேரத்தில் மூடிவிடும். எதை வாங்க ஓடுவது?

கௌரவம் கழுத்தைப் பிடித்தது. பிடிக்கட்டும் சனியன் என்று போனை எடுத்தாள்.

ஒரு மணி முழுதாக அடிக்கவில்லை. “அக்கா?”

“ஆமாடி. அந்த அடுப்பு... அது எதுல எரியும்? எனக்குத் தெரியல. மூணு வாங்கினேன், மூணும் பாழ். திட்டணும்னா திட்டிக்கோ.”

“ஸ்பிரிட்டுல.” அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “ஏங்க்கா இவ்ளோ நாளு? ஒரு வாரமா போனக் கையிலயே வச்சிட்டு உக்காந்திருக்கேன்.”

“அடிப்பாவி! ஸ்பிரிட்டுன்னு ஒரு வார்த்த அதுலயே எழுதிருக்கலாம்ல?”

“எழுதியிருந்தா நீ போன் பண்ணியிருப்பியா?”

அக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு பெயின்ட் கடைக்குக் கிளம்பினாள். பால்கனியில் வீட்டுக்காரர் கேனைக் கையில் வைத்துக்கொண்டு, “இத இப்ப என்ன பண்றது?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.