சிவப்புக் கோடு போட்ட வீடுகள்

தேர்தல் நடந்த வியாழக்கிழமை, முப்பத்துநான்கு பேரை என் காரில் ஏற்றி வாக்குச்சாவடியில் கொண்டுபோய் இறக்கினேன். அவர்களில் பாதிப் பேராவது எங்களுக்கு எதிராக ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்பது வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. அறுபத்தொன்பது வயதில் ஒருவன் இவ்வளவு மடையனாக இருக்க முடியுமா என்று கேட்டால், முடியும். என்னைப் பாருங்கள்.

எங்கள் ரேவன்லா வார்டில் லேபர் கட்சி வேலை எப்போதும் ஒரே மாதிரிதான். தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் வீடு வீடாகப் போய், யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்போம். நம்மவர் என்றால் வாக்காளர் பட்டியலில் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புக் கோடு. தேர்தலன்று கோடு போட்ட கதவுகளை மட்டும் தட்டி ஆளை வெளியே கிளப்புவோம். நடக்க முடியாதவர்களுக்குக் கார். மற்ற வீடுகள் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டோம். எதிரிக்குப் போடுகிறவனுக்கு நாமே ஏன் ஞாபகப்படுத்த வேண்டும்?

ஆனால் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய பழைய சுரங்கத் தெருக்கள் நான்கிலும் நாங்கள் யாரையும் கேட்டதே இல்லை. அங்கே அப்பனும் லேபர், மகனும் லேபர். பழைய பட்டியலைப் பார்த்துப் புதுப் பட்டியலில் கோடு போட்டுவிடுவோம். இருபத்திரண்டு வருடமாக எங்கள் கவுன்சிலராக இருந்த மேவிஸ்தான் மார்ச் மாதம் முதன்முறையாகக் கேட்டாள்.

"க்ளிஃப்பு, இந்தத் தடவை சுரங்கத் தெருவுலயும் போய் ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

"எதுக்கு? ஹெட்லி வீட்டு வாசல்ல போய் நின்னு யாருக்குப் போடுவேன்னு கேட்டா செருப்பு பிஞ்சிடும்."

"ஜனங்க முகமே சரியில்லப்பா. லண்டன்ல நடக்கற நம்ம கட்சி ஆட்சி மேலயே கோவம். புதுக் கட்சிக்காரன் நோட்டீஸ் ஜன்னல் ஜன்னலா ஒட்டியிருக்கு."

"நோட்டீஸ் ஓட்டுப் போடாது மேவிஸ். பட்டியல் என் பொறுப்பு, விடு."

விட்டாள். நான் மேசையில் உட்கார்ந்து, டீ குடித்தபடி, நான்கு தெருவுக்கும் கோடு கிழித்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஹெட்லி வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட நாளிலிருந்து என் சிநேகிதன். பக்கவாதம் வந்த பிறகு வலது கை நடுங்கிக்கொண்டே இருக்கும், வாசல் தாண்டுவதே அபூர்வம். அன்று சட்டை மாற்றி, தலை வாரி, தயாராக உட்கார்ந்திருந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

காரில் ஏறியதும் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான்.

"டேய், இத மேவிஸ்கிட்ட குடு. ஆஸ்பத்திரிக்காரன் என்னைப் புதன்கிழமைக்கு மாத்திட்டான். புதன்கிழமை ஆறாம் நம்பர் பஸ் கிடையாதே. அவகிட்ட சொன்னா ஏதாவது பண்ணுவா."

ஆறாம் நம்பர் பஸ்ஸை நான் பதினெட்டு வருடம் ஓட்டியவன். தினமும் ஓடியது, வாரத்துக்கு இரண்டு நாளாகச் சுருங்கியது. அந்த இரண்டு நாளும் மேவிஸ் கவுன்சில் கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தியதால் தப்பியவை. சீட்டைப் படித்துப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்தேன். எழுத்துகள் வரியை விட்டு வழுக்கிக் கீழே இறங்கிக்கொண்டே போயின.

"லண்டன்ல உக்காந்திருக்கவனுக்கு ஒரு தடவையாவது உறைக்கணும்டா," என்றான் ஹெட்லி.

"உறைக்கும், உறைக்கும்."

"மேவிஸுக்கென்ன, அவ எப்படியும் ஜெயிச்சிடுவா."

"பின்ன?" என்றேன். கைத்தாங்கலாகப் பிடித்து, சாவடிக்குள் நானே கொண்டுபோய் விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை உடற்பயிற்சிக் கூடத்தில் ஓட்டு எண்ணினார்கள். கட்சி ஆட்கள் மேசைக்கு இந்தப் புறம் நின்று, வாக்குச்சீட்டுகளைப் பிரிக்கும்போது எட்டிப் பார்த்துக் கணக்கு வைக்கலாம். சுரங்கத் தெருக்களின் பெட்டியைத் திறந்தபோது நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். பத்துச் சீட்டு போனதும் சிரிப்பு நின்றது. இருபது போனதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். புதுக் கட்சியின் அடுக்கு ஏறிக்கொண்டே போனது.

செல்லுமா செல்லாதா என்று சந்தேகப்பட்ட சீட்டுகளைத் தேர்தல் அதிகாரி கடைசியில் வேட்பாளர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மேவிஸோடு நானும் போனேன். ஒருவன் எல்லாப் பெயர்களுக்கும் குறுக்கே கோடு அடித்திருந்தான், அது செல்லாது. அடுத்ததில் புதுக் கட்சிக்கு நேராகக் கோணலாக ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில், வழுக்கிக் கீழே இறங்கும் எழுத்தில், "மேவிஸ், மன்னிச்சுக்கோ."

என் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டது.

"யாருக்குன்னு தெளிவா இருக்கு. போட்டது யாருன்னு பேர் இல்ல. செல்லும்னு நினைக்கறேன். உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?" என்றார் அதிகாரி.

மேவிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள். "இல்ல. சேர்த்துக்கங்க," என்றாள்.

பதினேழு ஓட்டில் தோற்றாள். ஜெயித்தவன் டயர் கடை வைத்திருக்கும் பையன், கெட்டவன் இல்லை. கை குலுக்கினான். ஆறாம் நம்பர் பஸ் பற்றி அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது, போட்டோ எடுக்க அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தோம். தூறிக்கொண்டிருந்தது. சட்டையில் குத்தியிருந்த கட்சியின் சிவப்பு ரிப்பன் பூவைக் கழற்றி அவள் கைப்பைக்குள் போட்டாள். பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு திட்டு திட்டியிருந்தால் நான் அழுதாவது தொலைத்திருப்பேன்.

"நேத்து ஹெட்லிக்கு என்னமோ வேணும்னு ஃபோன்ல சொன்னியே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இப்ப எதுக்கு அது?"

"சீட்டு குடுத்தான்னியே. குடு."

"வீட்டுல வெச்சிட்டேன்."

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். இருபத்திரண்டு வருடம் சாக்குப்போக்கு சொல்கிறவர்களிடம் அப்படி நின்று பழகியவள். நான் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

படிக்க ஒரு நொடி போதும், ஒரே வரிதான். அவள் வெகுநேரம் பார்த்தாள். தூறல் விழுந்து மை லேசாக ஊறியது. பிறகு அதை இரண்டாக மடித்து என் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகினாள்.

"புதன்கிழமை நீயே அவனைக் கூட்டிட்டுப் போயிடு க்ளிஃப்பு," என்றாள். "நேத்து கூட்டிட்டுப் போன மாதிரி."