காட்சியகத்தில் தேவயானியின் குரல்

சுந்தரலிங்கம் தன் அப்பாவின் ஆயில் எஞ்சினைப் பார்க்கத்தான் அங்கே போனான். தேனியில் ஒரு பழைய பருத்திக் கிட்டங்கிக்கு வெள்ளையடித்து, ஊர் வீடுகளிலிருந்து வாங்கிய பொருள்களை வைத்து வரலாற்றுக் காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். 2008 பொங்கல் முடிந்து திறந்தார்கள். மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த அவன், எஞ்சினுக்குப் பச்சை பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தான். அதை நாலு பேர் நின்று பார்ப்பதைத் தானும் பார்க்க வேண்டுமென்று, மனைவி தேவயானியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

எஞ்சின் வாசலிலேயே இருந்தது. ஒரு பெண் அதன் சக்கரத்தில் கைப்பையை மாட்டிவிட்டுக் குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் நிற்கவில்லை. ஏலக்காய் சல்லடை, திராட்சைத் தோட்டத்து மருந்துத் தெளிப்பான், பழைய கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் தாண்டிக் கூட்டம் உள்ளறையில் நின்றது.

அங்கே சுவரில் பெரிய படம் ஒன்று. லாரியின் பின்கதவைத் திறந்துபோட்டு மேடையாக்கியிருந்தார்கள். அதன்மேல் ரெட்டைச்சடைப் பெண் ஒருத்தி வாய் நிறையப் பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒல்லியாக ஒரு இளைஞன் டோலக் வாசித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘1991. எழுத்தறிவு இயக்கக் கலைக்குழு, மயிலாடும்பாறை. பாடுபவர் தேவயானி. படமும் ஒலிநாடாவும் தந்தவர் டோலக் கலைஞர் ஜஸ்டின்’ என்று கீழே எழுதியிருந்தது.

“ஏய், இது நீயா?”

“நாந்தான்.” அவள் முகம் சிவந்திருந்தது. “ஜஸ்டின் போன்ல கேட்டாரு, பாட்ட இங்க குடுக்கட்டுமான்னு. படமும் போடுவாகன்னு தெரியாது.”

படத்துக்குக் கீழே ஆணியில் ஹெட்போன் தொங்கியது. சுந்தரலிங்கம் காதில் மாட்டினான். ‘அடுப்ப அணைச்சிட்டு வந்தவளே, அ எழுத வந்தவளே’ என்று ஒரு குரல் எழுந்தது. அவன் வீட்டில் பால்காரனைக் கூப்பிடும் அதே குரல். ஆனால் இப்படி அது திறந்து அவன் கேட்டதில்லை.

அவன் ஹெட்போனைக் கழற்றியபோது மொக்கம்மாள் என்ற அம்மா தேவயானியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “ஒம் பாட்டக் கேட்டுத்தான் ஆத்தா நான் சிலேட்டத் தொட்டேன். இப்ப பஸ் போர்டு நானே படிக்கேன்.” சுற்றி நின்றவர்கள் தேவயானியைப் பார்த்தார்கள். சுந்தரலிங்கத்தை யாரும் பார்க்கவில்லை.

திரும்பும்போது வண்டியில் கேட்டான். “எங்கிட்ட சொல்லவே இல்லியே?”

“நீங்க கேக்கலியே.”

“அவன் எதுக்கு இத்தன வருசமா அந்தக் கேசட்ட வச்சிருந்தான்?”

“பாட்டு நல்லா இருந்துச்சுன்னு வச்சிருப்பாரு” என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் கடையில் செம்புக் கம்பி சுற்றும்போது சுற்று எண்ணிக்கை தவறியது. மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தனியாகக் காட்சியகத்துக்குப் போனான். அதற்கடுத்த நாளும் போனான். பாட்டின் நடுவே ஓரிடத்தில் அவள் வரியை மறந்து சிரித்துவிடுகிறாள். டோலக் நிற்கவில்லை. மெதுவாகத் தட்டிக்கொண்டே காத்திருக்கிறது. அவள் வரியைப் பிடித்ததும் ஓடிவந்து சேர்ந்துகொள்கிறது. அந்தக் காத்திருப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

காட்சியகத்தைக் கவனித்துக்கொண்ட சுந்தர்ராஜிடம் போய் நின்றான். “அந்தப் பாட்ட எடுத்துருங்க. படத்தையுந்தான்.”

“ஏன்? அவுக சொன்னாகளா?”

“அவதான் சொல்லிவிட்டா. கூச்சமா இருக்காம்.”

சுந்தர்ராஜ் வருத்தத்தோடு கழற்றி வைத்தார்.

அடுத்த வாரம் தேவயானி தன் மகளிர் குழுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து, பாட்டைக் கேட்க வந்தாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

“நீங்க வேணாம்னு சொன்னதா ஒங்க வீட்டுக்காரரு சொன்னாகளே” என்றார் சுந்தர்ராஜ், அத்தனை பெண்களுக்கும் முன்னால்.

தேவயானிக்குக் காது சுட்டது. “நான் சொல்லல சார். திரும்ப மாட்டுங்க” என்றாள். அவர் மாட்டும்வரை நின்றாள். பிறகு நேராகக் கடைக்கு வந்தாள்.

“எனக்குக் கூச்சம்னு சொன்னீகளாம்?”

அவன் கம்பியைக் கீழே வைத்தான். பொய் சொல்ல வாய் வரவில்லை. “நீ தடுமாறுனதும் அவன் ஒனக்காகக் காத்துக்கிட்டு வாசிக்கான். நீ சிரிக்கிற. எங்கிட்ட ஒருநாளும் நீ அப்படிச் சிரிச்சதில்ல.”

அவள் அவனுக்கு நேரெதிரே வந்து நின்றாள்.

“அவரு எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. ஆனா அந்தச் சிரிப்பு என்னுது. அத எடுக்கச் சொல்ல நீங்க யாரு?”

அன்று அவள் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். பல நாள் தேவைக்கு மேல் அவனோடு பேசவில்லை.

பங்குனியில் பழைய கலைக்குழுவைக் காட்சியகத்துக்கு அழைத்துப் பாடச் சொன்னார்கள். வரச் சொல்லி அவள் அவனைக் கேட்கவில்லை. ஆனாலும் அவனே வண்டியை எடுத்தான்.

ஜஸ்டின் குமுளியிலிருந்து வந்திருந்தான். வழுக்கை விழுந்து, தொப்பை வைத்திருந்தான். “வாங்கண்ணே” என்று சுந்தரலிங்கத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். சுந்தரலிங்கம் அவனை வெறுக்க முயன்று பார்த்தான், வெறுப்பு ஒட்டவில்லை. ஆனால் டோலக் தொடங்கியதும் தேவயானி அந்தப் பக்கம் திரும்பாமலே தலையை லேசாகச் சாய்த்தாள். அவன் நெஞ்சில் மறுபடியும் பற்றிக்கொண்டது. வெளியே போய் வண்டிமேல் உட்கார்ந்தான்.

பாட்டு முடிந்து அவள் வாசலுக்கு வந்தாள்.

“போலாமா?” என்றான்.

“இன்னும் ரெண்டு பாடச் சொல்றாக. அவசரம்னா நீங்க போங்க. நான் வந்துக்கிறேன்.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாவியைப் போட்டவன் திருப்பவில்லை. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் அதிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜஸ்டினின் மனைவி ஜெபஷீலா.

“நல்லாப் பாடுறாக” என்றாள் அவள், மேடையைப் பார்த்தபடி. “எங்க வீட்ல அந்தக் கேசட்டு ஓடாத மாசமில்ல. கல்யாணமான புதுசுல இந்தக் குரலக் கேட்டாலே எனக்கு ஆகாது.”

சுந்தரலிங்கம் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். “இப்ப?”

“இப்பவுந்தான்” என்றாள் ஜெபஷீலா.

மேடையில் அடுத்த பாட்டு தொடங்கியது. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.